நாய்க்கு எதற்கு நான்கு சுவர்?

ஏப்ரல் மாதத்தில் மதியம் இரண்டு மணிக்கு பெங்களூர் ஆஸ்டின் டவுன் சந்துகளில் நடந்தால் நாய்கள் கண்ணில் படா. காலையில் டீக்கடை வாசலில் பன்னுக்காகக் காத்திருந்த அத்தனையும் எங்கே போயின என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். நிறுத்தி வைத்த ஆட்டோவுக்கு அடியில் ஒன்று. வெளி மாடிப்படிக்குக் கீழே, தண்ணீர் மோட்டார் பக்கத்தில் ஒன்று. வீடு கட்டக் கொட்டிய எம்-சாண்ட் குவியலின் நிழல் பக்கத்தில் பள்ளம் பறித்து, அடிவயிறு ஈர மணலில் படும்படி பின்னங்கால்களை நீட்டிப் படுத்திருக்கும் இன்னொன்று.

மூன்று இடத்துக்கும் அமைப்பு ஒன்றுதான். தலைக்கு மேல் நிழல், பக்கங்களில் திறப்பு, வயிற்றுக்குக் கீழே குளிர்ந்த தரை. நாய் தானாகத் தேர்ந்தெடுத்த வீட்டுப் பிளான் இது. நாய்க்கு வீடு கட்ட உட்காரும் மனிதர்கள் வரையும் பிளான் வேறு: நான்கு சுவர், முக்கோணக் கூரை, முன்னால் வளைந்த சின்ன வாசல். படக்கதைகளில் பார்த்துப் பழகிய அந்தப் பெட்டி பனி கொட்டும் நாடுகளில் பிறந்தது. அங்கே நாயின் உடம்புச் சூடு ஒன்றுதான் அறையைச் சூடாக்கும் வழி. அதனால் பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், வாசல் குறுகலாக இருக்க வேண்டும், காற்று புகக் கூடாது. அந்த ஊருக்கு அது சரியான விடை. பெங்களூரில் கேள்வியே வேறு.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம் என்பதால் ‘ஏர்கண்டிஷன் ஊர்’ என்று பெங்களூர்க்காரர்கள் பெருமை பேசுவார்கள். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 7.8 டிகிரி செல்சியஸ். அது 1884 ஜனவரியில். மிக அதிக வெப்பமோ 39.2 டிகிரி, அது 2016 ஏப்ரலில். குளிரின் சாதனை மகாராஜா காலத்தோடு நின்றுவிட்டது, வெயிலின் சாதனை நேற்றைய கதை. போதாக்குறைக்கு ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் சூரியன் இந்த ஊருக்கு நேர் மேலே வந்து, நட்ட கம்பத்துக்கு நிழலே இல்லாமல் செய்துவிடுகிறது. வெயில் காலம் உச்சத்தில் இருக்கும்போது நடுப்பகல் கதிர் சுவரில் சாய்வாக விழுவதில்லை, கூரையில் செங்குத்தாக இறங்குகிறது. ஆகவே இங்கே நாய் வீடு என்பது முதலில் ஒரு கூரை. சுவரெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் என்பதற்குக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டிய விதிப்படி, ஒரு விலங்கு சும்மா படுத்திருக்கும்போது உண்டாக்கும் வெப்பம் அதன் எடையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. எடையின் முக்கால் அடுக்கின்படி ஏறுகிறது. 15 கிலோ எடையுள்ள நம் நாட்டு நாய்க்கு அது 25 முதல் 30 வாட் வரை வரும். இப்போது அந்த நாயைத் துருப்பிடித்த தகரக் கூரைக்குக் கீழே படுக்க வையுங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் கூரை மேல் ஏறத்தாழ 1,000 வாட் விழுகிறது. துருவேறிய தகரம் அதில் பெரும்பகுதியை விழுங்கி, எளிதாக 60 டிகிரியைத் தொட்டுவிடும். 60 டிகிரியில் இருக்கும் தகரம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத் தன் வெப்பத்தைக் கீழேயும் பொழிகிறது. நாயின் மேல்தோல் 36 டிகிரி என்று வைத்தால், இரண்டுக்கும் இடையே ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 160 வாட் கீழ்நோக்கி வரும். படுத்திருக்கும் நாயின் மேல்பக்கம் 0.2 சதுர மீட்டர் அளவு கூரையைப் பார்த்தபடி இருக்கிறது. பெருக்கினால் 30 வாட்.

அதாவது, தன் உடம்பு உண்டாக்கும் அளவுக்கே இன்னொரு பங்கு வெப்பத்தை நாய் மேலிருந்து வாங்கிக்கொள்கிறது. வெயிலிலிருந்து தப்பத்தான் உள்ளே போனது. போன இடத்தில் சுமை இரட்டிப்பு. காற்றின் வெப்பம் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. தகரத்துக்குக் கீழே தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 36 என்று காட்டலாம். நாய்க்கு அது 36 அல்ல.

இந்த 60 வாட்டை நாய் எப்படி வெளியே தள்ளும்? நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வெப்பம் தணிக்க உதவும் அளவுக்கு வியர்வை கிடையாது. பாதத்தின் அடியில் கொஞ்சம் கசியும், அவ்வளவே. அதன் ஏற்பாடு மூச்சு. அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு இருபது முப்பது மூச்சு விடும் நாய், சூடு ஏறியதும் சட்டென்று 300-க்குத் தாவும். நடுவில் 100, 150 என்று படிப்படியாக ஏறுவதில்லை. காரணத்தை 1962-இல் கிராஃபோர்ட் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். நாயின் மார்புக்கூட்டுக்கும் நுரையீரலுக்கும் இயல்பான ஓர் அதிர்வெண் உண்டு. அது வினாடிக்கு ஐந்துக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் மூச்சு விட்டால் மார்புக்கூடு தன் சுருள்தன்மையாலேயே திரும்பத் திரும்ப விரியும், சுருங்கும். தசைக்கு வேலை குறைவு. இல்லாவிட்டால், குளிர்விக்க மூச்சிரைத்தே நாய் இன்னும் சூடாகிப் போகும். மூச்சிரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கு வழியாக இழுத்து வாய் வழியாக விடுகிறது என்று 1970-இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ஷ்மிட்-நீல்சன் குழு காட்டியது. மூக்கின் உள்ளே சுருண்டு கிடக்கும் ஈரச் சவ்வில் காற்று உரசிப் போகும்போது நீர் ஆவியாகிறது; ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகிறது.

60 வாட்டை முழுக்க இப்படியே கழிக்க வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 90 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். குடிக்கத் தண்ணீர் இருந்தால் அது பெரிய விஷயமில்லை. ஆவி போக இடம் இருக்கிறதா என்பதுதான் விஷயம். முக்கால் மீட்டர் நீள அகல உயரம் உள்ள பெட்டிக்குள் அடங்கும் காற்று அரை கன மீட்டர்கூட இல்லை. 32 டிகிரியில், பாதி ஈரப்பதத்தோடு இருக்கும் அந்தக் காற்று இன்னும் ஏழெட்டு கிராம் ஆவியை வாங்கியதும் நிரம்பிவிடும். வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு, இடுக்கெல்லாம் அடைத்து ‘பத்திரமாக’ வைத்தால், ஐந்து நிமிடத்தில் உள்ளே இட்லிப் பானை தயார். அதன் பிறகு நாய் எவ்வளவு மூச்சிரைத்தாலும் ஆவியாதல் சரிவர நடக்காது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தாண்டினால் வெப்பத்தாக்கு.

வெப்பக் காற்று மேலே போகும், அதனால் கூரை உச்சியில் ஓட்டை போட்டால் போதும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். வீட்டு அடுக்களைப் புகைபோக்கிக்கு அது சரி. 60 சென்டிமீட்டர் உயரப் பெட்டியில், உள்ளுக்கும் வெளிக்கும் 5 டிகிரி வித்தியாசம் இருந்தால், அந்த ஏற்றத்தால் வரும் அழுத்தம் 0.1 பாஸ்கல்தான். வினாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் வரும் மெல்லிய காற்று தரும் அழுத்தம் 2.4 பாஸ்கல். இருபது மடங்கு. ஆகவே உச்சி ஓட்டையைவிட எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு திறப்பு மேல். ஆட்டோவுக்கு அடியில் படுத்த நாய்க்கு இந்தச் சமன்பாடு தெரியாது, விடை தெரியும்.

பொருளுக்கு ஆஸ்டின் டவுனில் பஞ்சமே இல்லை. கன்டோன்மென்ட் காலத்து ஒற்றை மாடி வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, அந்த இடத்தில் மூன்று நான்கு மாடி எழும்புகிற பேட்டை இது. வீடு இடிக்கும் இடத்தில் நின்றால் பேச்சு இப்படித்தான் போகும்.

“மேஸ்திரி, இந்த ஓடெல்லாம் எங்க போகுது?”

“முழுசா இருக்கறதுக்கு ஆள் வருவாங்க சார். உடைஞ்சது ரப்பீஸோட போயிடும். உங்களுக்கு எத்தனை வேணும்?”

“ஒரு பதினஞ்சு.”

“நாய்க்கா, கோழிக்கா?”

பதினைந்து ஓடு ஒரு சதுர மீட்டருக்குச் சரியாக வரும். அந்த மங்களூர் ஓட்டுக்கும் இந்தப் பேட்டைக்கும் ஒரு சுற்று உறவு உண்டு. ஆஸ்டின் டவுனின் இன்னொரு பெயர் எஃப். கிட்டல் நகர். 1853-இல் பாசல் மிஷன் ஊழியராகக் கர்நாடகம் வந்து, 1894-இல் கன்னட–ஆங்கில அகராதியை வெளியிட்ட ஃபெர்டினான்ட் கிட்டலின் நினைவாக வைத்தது. அதே பாசல் மிஷன்தான் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கி, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் அந்தச் சிவப்பு ஓட்டை மேற்குக் கரை முழுக்கப் பரப்பியது. அகராதியும் ஓடும் ஒரே மிஷனின் சரக்கு.

ஓட்டு வீடு குளிர்ச்சி என்று எல்லோரும் சொல்கிறோம். அது மண் என்பதால் மட்டும் வரும் குளிர்ச்சி இல்லை. சுட்ட களிமண் அப்படியொன்றும் சிறந்த வெப்பத் தடுப்பு கிடையாது. ஒன்றரை சென்டிமீட்டர் ஓடு வெயிலை அதிக நேரம் தாங்காது, பிற்பகலில் அதன் அடிப்பக்கமும் சுடும். ஓட்டின் சாமர்த்தியம் வேறு இரண்டு. ஒன்று, ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே உள்ள நூற்றுக்கணக்கான சின்ன இடுக்குகள். சூடான காற்று அவற்றின் வழியே கசிந்துகொண்டே இருக்கும். மற்றது, அதன் நுண்துளைகள். கோடை மழையில் ஊறிய ஓடு அடுத்த நாள் வெயிலில் அந்த ஈரத்தை ஆவியாக்கித் தானும் குளிரும். சிமென்ட் பூசி இடுக்கை அடைத்து, மேலே ஆயில் பெயின்ட் அடித்தால் இரண்டும் போச்சு. ‘பளபளப்பாக’ இருக்கட்டும் என்று பலர் செய்வது அதைத்தான்.

தெரு நாய்க்கு ஓட்டுக் கூரை வேண்டாம் என்பது என் கட்சி. நாய்க்குத் தன் வீட்டின் உள்ளே படுப்பதைவிட மேலே ஏறி நின்று சந்தைக் கண்காணிப்பதில் ஆர்வம் அதிகம். 15 கிலோ நாய் ஓட்டின் மேல் குதித்தால் ஓடு என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தவிர, ஒரு சதுர மீட்டர் ஓடு 35, 40 கிலோ கனக்கும். தாங்க நல்ல சட்டம் வேண்டும். பழைய தேக்கு நிலைப்படிக் கட்டை கிடைத்தவர்கள், சுற்றுச்சுவருக்குள் வீட்டு நாயை வைத்திருப்பவர்கள் ஓடு போடட்டும். மற்றவர்களுக்கு இரட்டைக் கூரை.

இரட்டைக் கூரை என்பது பெரிய வித்தையில்லை. கீழே ஒரு பழைய பிளைவுட். அதன் மேல் நான்கைந்து சென்டிமீட்டர் உயர ரீப்பர் கட்டைகள். அவற்றின் மேல் தகர ஷீட். நடுவில் உள்ள சந்து இரண்டு முனையிலும் திறந்திருக்க வேண்டும், அதை மறக்கக் கூடாது. மேல் தகரம் 60 டிகிரிக்குச் சூடாகி வழக்கம்போலக் கதிரைக் கீழே அனுப்பும்; ஆனால் அதை வாங்குவது பிளைவுட், நாய் அல்ல. பிளைவுட் சூடாகத் தொடங்கும்போது சந்தில் ஓடும் காற்று ஒரு பகுதியை அள்ளிக்கொண்டு போய்விடும். மிஞ்சியதில் ஒரு பகுதி மேலேயே திரும்பும். நாய்க்கு வந்து சேருவது பாதிக்கும் குறைவு. மேல் தகரத்துக்குச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சுண்ணாம்பு வெயிலில் சுமார் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். பளபளவென்று இருக்கும் புதுத் தகரமும் வெயிலைத் திருப்பும்தான், ஆனால் உள்ளே வாங்கிய கொஞ்ச வெப்பத்தையும் எளிதில் உமிழாது; அதனால்தான் புதுத் தகரத்தையும் வெயிலில் தொட முடிவதில்லை. சுண்ணாம்பு வாங்குவதும் குறைவு, வாங்கியதை உமிழ்வதும் வேகம்.

பிளைவுட் நனையாமல் இருக்க ஃப்ளெக்ஸ் பேனர் போதும். 2018-இல் உயர் நீதிமன்றம் கண்டித்த பிறகு மாநகராட்சி ஃப்ளெக்ஸைத் தடை செய்தது. ஆனாலும் பிறந்த நாள் வாழ்த்துகளுக்குக் குறைவில்லை. எவ்வளவு பெரிய தலைவராக இருந்தாலும் முகம் கீழே, வெள்ளை முதுகு மேலே. பி.வி.சி. பூச்சு உள்ள துணி அது. நாய்க்குட்டி கடித்துத் தின்னும்படி ஓரம் தொங்கக் கூடாது. மடித்து ஆணி அடிக்க வேண்டும்.

மரத்துக்குப் பேலட்டைச் சொல்வார்கள். பீன்யா, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளில் இறங்கிய சரக்கோடு வந்து, வேலை முடிந்ததும் விறகு விலைக்குப் போகும் பைன் சட்டங்கள். வாங்குவதற்கு முன் பக்கவாட்டில் உள்ள கட்டையில் தீய்த்துப் பதித்த முத்திரையைத் தேடிப் பாருங்கள். ஒரு பெட்டிக்குள் கோதுமைக் கதிர் போன்ற சின்னம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து, கோடு, எண்கள், கடைசியில் ‘எச்.டி.’ அல்லது ‘எம்.பி.’ என்று ஆங்கில எழுத்து. மரத்தோடு பூச்சிகள் நாடு தாண்டாமல் தடுக்க 2002-இல் வந்த ஐ.எஸ்.பி.எம்.15 என்ற உலக விதியின் அடையாளம் அது. ‘எச்.டி.’ என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சுட வைத்தது. ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் வைத்தது. கட்டையை நக்கியும் கடித்தும் பொழுது போக்கும் பிராணிக்கு எதை எடுப்பது என்பதில் சந்தேகம் வேண்டாம். முத்திரையே இல்லாத, எண்ணெயோ பொடியோ ஊறிக் கறுத்த பேலட்டை விட்டுவிடலாம்.

பழைய பொருள் என்றாலே பசுமை என்று ஒரு பேச்சு இருக்கிறது. சில பழைய பொருள் பழையதாகவே கிடக்க வேண்டியது. சிமென்ட் ஷீட் என்று எல்லோரும் சொல்லும் பழைய கூரைத் தகடுகளில் பெரும்பாலானவை ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. முழுசாக, உடையாமல் கூரையில் இருக்கும் வரை ஓரளவு அடங்கிக் கிடக்கும். அளவுக்கு வெட்ட ரம்பத்தை வைத்ததும் கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை உறுதியான புற்றுக் காரணிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. நாய்க்கு முன் வெட்டுபவருக்குத்தான் ஆபத்து. பழைய கதவு ஜன்னல்களில் ஐந்தாறு அடுக்காகக் காய்ந்து உரியும் பெயின்டும் அதே வகை. பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016-இல்தான். அதற்கு முந்தைய பச்சை, மஞ்சள் ஜன்னலில் எவ்வளவு இருக்கும் என்பது அடித்தவருக்கே தெரியாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தூள் பறக்கும். ஈயப் பெயின்ட் சற்று இனிக்கும் என்பதால் குட்டிகள் விரும்பிக் கொறிக்கும்.

அசாமின் சிவசாகரில் ஒருவர் பழைய டிவிப் பெட்டிகளைத் தெரு நாய்களுக்கு வீடாக்கிய செய்தி சில ஆண்டுகளுக்கு முன் பரவலாக வந்தது. அழகான யோசனை. சிவாஜிநகர் பழைய சாமான் குஜிரியில் அப்படிப் பெட்டி கிடைத்தால் கூடு மட்டும் வாங்க வேண்டும். படக்குழாயின் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு உண்டு. அதை வீட்டில் உடைக்கக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் கூடு என்பதால் அதற்கும் மேலே இன்னொரு நிழல் தேவை. நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக் கவிழ்ப்பதும் இப்போது பரவியிருக்கிறது. முன்பு அதில் என்ன ரசாயனம் இருந்தது என்று ஒட்டிய சீட்டில் படிக்க முடிந்தால் மட்டும் வாங்கலாம். பின்பக்கத்தையும் அறுத்துத் திறந்துவிட்டால்தான் அது நாய் வீடு. ஒரு வாய் மட்டும் திறந்த டிரம் வெயிலில் அடுப்பு. தெர்மகோல் வெப்பத்தைத் தடுப்பதில் உண்மையிலேயே கெட்டிக்காரப் பொருள். அதில் பெரும்பங்கு அடைபட்ட காற்றுதான். ஆனால் இரண்டு பலகைக்கு நடுவே முழுசாக மூடி வைக்க முடியாவிட்டால் நாய் பிய்த்துப் போட்டுத் தெருவெல்லாம் வெள்ளை மணி பறக்கும், பெருச்சாளி கூடு கட்டும்.

தரைக்கு வருவோம். சமையல் மேடையில் மிஞ்சிய கடப்பா கல் துண்டு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. கல் காற்றைவிடக் குளிர்ந்தது என்று நினைக்கிறோம். நிழலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். மரத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேகமாகக் கல் வெப்பத்தைக் கடத்தும், நிறைய வாங்கியும் வைத்துக்கொள்ளும். நாயின் முதுகில் முடி அடர்த்தி. அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் தோல் ஏறக்குறைய வெறுமை. வெப்பத்தை இறக்கி வைக்கும் வாசல் அங்கேதான் இருக்கிறது. தரையில் பாதிக்குக் கல், பாதிக்கு மரப்பலகை போட்டுவிட்டால் போதும். மே மாதம் எங்கே படுப்பது, டிசம்பரில் எங்கே என்று நாய் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் இரண்டு ஹாலோ பிளாக் மேல் ஏற்றி வைக்க வேண்டும். பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர் கூரையிலிருந்து வழியும் தண்ணீர் மட்டும் வருஷத்துக்கு 1,000 லிட்டர். அது நாயின் வாசலிலேயே விழாமல் பின்பக்கம் போகும்படி சரிவு வைக்க வேண்டும். தேங்கிய நீரில் எலி மூத்திரம் கலந்தால் லெப்டோஸ்பைரோசிஸ். அது நாயிடமிருந்து நமக்கும் வரக்கூடிய நோய்.

சுவர் எத்தனை? இரண்டு போதும் என்பேன். பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து சாய்வாக வரும், ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றும் சாரலும் மேற்கிலிருந்துதான். அந்தப் பக்கம் ஒரு சுவர். முதுகுக்குப் பின்னால் ஏதாவது இருந்தால்தான் நாய் நிம்மதியாகத் தூங்கும் என்பதால் தெற்கில் இன்னொன்று; அதன் மேல் விளிம்பில் ஒரு சாண் திறப்பு விட வேண்டும். கிழக்கில் கூரையை நன்றாக நீட்டிவிட்டால் அக்டோபர், நவம்பர் சாரலையும் சமாளிக்கலாம். ரிச்மண்ட் டவுன், குக் டவுன் பங்களா ஜன்னல்களின் மேல் மரச்சட்டம் கோத்து நீட்டியிருக்கும் ‘மங்கி டாப்’ முகப்புகள் இதே வேலையைத்தான் செய்கின்றன: வெயிலையும் மழையையும் வெளியே நிறுத்தி, காற்றை உள்ளே விடுவது. மனிதர்களுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த வித்தை நாய் வரை இறங்கி வரவில்லை.

பழைய மரத்தில் ஒரு வில்லங்கம் உண்டு. கட்டி ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். பேலட் கட்டையைப் பிரித்து ஆணித் துளையைப் பாருங்கள். வெளிறிய சாம்பல் நிறத்தில், பட்டாணி அளவுக்கு உப்பிய பெண் உண்ணி உள்ளே ஒட்டியிருக்கும். அதன் முன்னால் பழுப்பு ரவை கொட்டியதுபோல முட்டைகள், ஆயிரக்கணக்கில். நம் ஊர் நாய் உண்ணி இரத்தம் குடித்ததும் நாயின் மேலேயே இருப்பதில்லை. இறங்கி, சுவரில் மேல்நோக்கி ஏறி, இடுக்கில் புகுந்துகொள்ளும். உணவில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கவும் அதனால் முடியும். எர்லிக்கியா, பபேசியா என்ற கிருமிகளால் வரும் இரண்டு கொடிய காய்ச்சல்களை நாய்க்குக் கொண்டுவருவது இதுதான். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு, வீட்டின் இடுக்கை விட்டுவைத்தால் பதினைந்து நாளில் பழைய கதை. அதனால் கட்டும்போதே கூரையைத் தனியாகத் தூக்கும்படி செய்ய வேண்டும்; ஆணிக்குப் பதில் போல்ட். துளைகளையும் வெடிப்புகளையும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு தரம் பிரித்து வெந்நீர் ஊற்றித் தேய்த்து வெயிலில் காய வைக்க வேண்டும். அழகு பார்த்துக் கட்டிய வீடுகளைவிட, பிரித்துக் கழுவ முடிகிற அவலட்சண வீடுகளில்தான் நாய்கள் ஆரோக்கியமாக இருக்கும்.

இத்தனைக்கும் ஒரு விதிவிலக்கு குட்டி போட்ட தாய். பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு வாரம் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது, முதல் சில நாள் நடுங்கக்கூட வராது. டிசம்பர் இரவில் 15 டிகிரி என்பது நமக்கு ஸ்வெட்டர், அதற்கு உயிர்ப் பிரச்சினை. அப்போது பனிநாட்டுப் பெட்டி சரியாகிவிடுகிறது. மூன்று பக்கம் அட்டை, உள்ளே காய்ந்த சாக்கு, தாய் படுத்துத் திரும்ப மட்டும் இடம். கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெரு நாய்கள் குட்டி போடும் 148 இடங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டது. மனித நடமாட்டத்தைக் கண்டு அவை ஒதுங்கவில்லை. வீட்டோரம், கடையோரம் என்று நம் காலடியிலேயே இடம் பிடித்திருந்தன. அதே குழு 364 குட்டிகளைப் பின்தொடர்ந்தபோது, இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். மீதியில் பெரும்பகுதியின் சாவில் மனிதர்களுக்குப் பங்கு இருந்தது. தாய் நம்மைத் தேடி வருகிறது என்றால், அந்தப் பெட்டியை ஆள் அரவமில்லாத மூலையில் கொண்டுபோய் வைப்பதில் பலனில்லை. படிக்கட்டுக்குக் கீழே, வண்டி ஏறாத, நாம் பார்க்கும்படியான இடமே சரி.

2023 கணக்கெடுப்பில் பெங்களூரில் 2.79 லட்சம் தெரு நாய்கள், 2019-இல் 3.10 லட்சம். குறைத்தது கருத்தடை. வீடு கட்டிக் கொடுப்பவர்கள் அந்த நாய்க்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் ஆகிவிட்டதா என்று காதில் வெட்டு அடையாளம் பார்க்காமல் ரம்பத்தைக் கையில் எடுக்கக் கூடாது. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இந்த வழிதான்: கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், தெருவில் கண்ட இடத்தில் சோறு வைக்கக் கூடாது. நடைபாதையில் வைத்த நாய் வீடு அடுத்த வீட்டுச் சண்டையில்தான் முடியும். ஆகவே சுற்றுச்சுவருக்குள், போர்ட்டிகோவில், சொந்த மாடிப்படியின் அடியில்.

கடைசியாக, கட்டியது சரியா என்று பார்க்க ஒரு கருவி. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய துப்பாக்கி தெர்மாமீட்டர் பல வீட்டு அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதுவும் மிச்சப் பொருள்தான். நெற்றி அளவில் வைத்தால் 43-க்கு மேல் காட்டாது. பல மாடல்களில் ‘பொருள் வெப்பம்’ அளக்க ஒரு பொத்தான் உண்டு, அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மதியம் இரண்டரை மணிக்கு நாய் படுக்கும் இடத்தில் கையை நீட்டி, கூரையின் அடிப்பக்கத்தை நோக்கி அழுத்துங்கள். பளபளக்கும் தகரத்தில் தப்பாகக் காட்டும் என்பதால் அந்த இடத்தில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, அதன் மேல் அளக்க வேண்டும். 40-க்குக் கீழே இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் ரீப்பரை இன்னொரு விரற்கடை உயர்த்தி, சந்தின் இரண்டு முனையிலும் ஏதும் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி ஒரு கை சுண்ணாம்பு அடியுங்கள்.